கண்ணாடி இல்லாத லொறி

தில்லையடி அஸ்காவுக்கு ஹுனைஸ் நானா பதினாலாயிரம் ரூபா கடன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். புத்தளத்தில் வேறு யாரிடம் கேட்டாலும் நம்பமாட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், ஓம். பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கதைப்பவர் என்பார்கள், அதுவும் ஓம். ஆனால் தேத்தண்ணிக் கடையில்கூட நாளைக்குத் தருகிறேன் என்று எழும்பிப் போன மனுசன் இல்லை அவர். அப்படிப்பட்டவர் ஒரு சாமானுக்குப் பாதிக் காசைக் கொடுத்துவிட்டு மற்றப் பாதியை மடியில் கட்டிக்கொண்டு இருந்தார். சாமான் ஒன்றும் பெரிதில்லை, ஒரு பாண் துண்டளவுதான். பெயர் கிராபிக்ஸ் கார்ட்.

ஹுனைஸ் நானா கனமூலையில் பிறந்தவர். மூன்றாம் வகுப்பில் வாப்பா மௌத்தாக, பள்ளிக்கூடமும் அதோடு மௌத்தாகிவிட்டது. உப்பளத்தில் கூடை சுமந்தார். மீசை அரும்புவதற்கு முன் லொறிக் கிளீனரானார். பிறகு டிரைவர், பிறகு முதலாளி. யாரும் தூக்கிவிடவில்லை. பாங்கியில் கையெழுத்துப் போடப் பழகியதுகூட, லொறி வாங்கும் நாளன்று பாங்கியின் வாசலில் நின்றுதான். பாலாவியில் உப்பு ஏற்றித் தம்புள்ளை, கண்டி, கொழும்பு என்று அவர் ஓடிய தூரத்தை நீட்டிப் பிடித்தால் மக்காவுக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போகலாம்.

அவருடைய லொறியைக் கண்டு மற்ற டிரைவர்மார் பெருமூச்சு விடுவார்கள். உப்பு ஏற்றும் லொறிக்கு ஆயுள் குறைவு. ஈரம் கசிந்து, பலகை இடுக்கால் இறங்கி, இரும்பைத் தின்றுவிடும். ஹுனைஸ் நானாவின் லொறியை மட்டும் அது தின்னவில்லை. பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுவார். காயவிடுவார். பிறகு கிறீஸ் டப்பாவைத் திறப்பார். ஆணி, பூட்டு, லைட்டின் அடி, பெட்டரியின் தலை, ஒன்றையும் விடமாட்டார். "என்ட லொறியில உப்பு ஏறும், துரு ஏறாது" என்பது அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பேச்சு.

அந்த லொறியை விற்றுத்தான் ஆக வேண்டியிருந்தது. சீனி வருத்தம் இடக்கண்ணைப் பிடித்துக்கொண்டது. இனிப் பாரவண்டி ஓட்ட ஏலாது என்று லைசன் புதுப்பிக்கப் போன இடத்தில் டொக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் இருந்த இடம் பாயிஸின் டயர் கடை. பாயிஸ் பழைய கூட்டாளி. அங்கே ஒரு தேய்ந்த டயர்மேல் குந்தியிருந்து, போகிற வருகிற லொறிகளுக்கெல்லாம் குறை சொல்வார். வீட்டுக்கு வந்தால் பொஞ்சாதி கமறியாவின் சமையலுக்குக் குறை சொல்வார்.

"லொறியைக் கொண்டுவந்து குசினிக்குள்ள நிப்பாட்டின மாதிரி ஈக்கிது" என்பாள் கமறியா. "ஓடுறதுமில்ல, வழி விடுறதுமில்ல."

இப்படி இருக்கும்போதுதான் மகளின் கலியாண வீடியோவைப் பிரதி எடுக்க அஸ்காவின் கடைக்குப் போனார்.

அஸ்கா பழைய உப்பு வியாபாரி ஒருவரின் பேத்தி, கொழும்பில் கொம்பியூட்டர் திருத்தும் வேலை பழகி வந்த பிள்ளை. தில்லையடியில், பள்ளிவாசலுக்குப் பின்னால், வீட்டு முன்னறையையே கடையாக்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பொம்பிளைப் பிள்ளை திருத்திய கொம்பியூட்டர் எத்தனை நாளைக்கு ஓடும் என்று ஊருக்குள் ஒரு கதை ஏற்கெனவே இருந்தது. அவள் அதைக் காதில் போடாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹுனைஸ் நானா உள்ளே கால் வைத்ததும் ஒரு திரையில் லொறி நிற்பதைக் கண்டார். உள்ளிருந்து பார்க்கிற மாதிரி. ஸ்டியரிங், முன்கண்ணாடி, அதற்கு அப்பால் நனைந்த தார் ரோடு.

"இதென்ன மகள், படமா?"

"படமில்ல மாமா, கேம். திருத்தின மெஷின் சூடாகாம ஓடுதா எண்டு பாக்கிறதுக்கு இதைப் போட்டு விடுறது."

"ஆரு ஓட்டுற?"

"ஒருத்தரும் இல்ல. சும்மா நிக்கிது."

"என்ஜின் சத்தம் கேக்குதே?"

"ஸ்டார்ட்ல நிக்கிது."

"அப்ப நிப்பாட்டு. ஆர்ட டீசல் போகுது?"

அஸ்கா சிரித்துவிட்டாள். கதிரையை இழுத்துப் போட்டு, "நீங்களே ஓட்டுங்களேன்" என்றாள். வீடியோவைப் பிரதி எடுத்து முடித்த பிறகும் அவர் எழும்பவில்லை. லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எந்த நாடு என்றே தெரியாத ஒரு நாட்டில், ஆடும் இல்லாத, ஆட்டோவும் இல்லாத ரோட்டில், அவர் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மகள் உயர்தரம் படித்த காலத்துக் கொம்பியூட்டர் ஒன்று வீட்டில் துணி போர்த்திக் கிடந்தது. ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்டதை அந்தக் காலத்திலேயே இரண்டாம் கையாக வாங்கியது. அஸ்கா அதில் கேமை ஏற்றிக் கொடுத்தாள். ஓடியது. ஆனால் மேட்டில் இழுக்காத லொறி மாதிரி விக்கி விக்கி ஓடியது. ஒரு வளைவில் இருந்த லொறி கண் மூடித் திறப்பதற்குள் வளைவுக்கு அப்பால், வயலுக்குள் இருக்கும். அஸ்கா ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மழையை நிறுத்தினாள். மரங்களைக் குறைத்தாள். நிழலை எடுத்தாள். கடைசியில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் நிறுத்தினாள். ரோடு ஒருவாறு நேராக வந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் பலகை தொங்கின.

இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தார். முன்னுக்கு ஓட்டுவதற்குக் குறையில்லை. பாரத்தை இறக்குகிற இடத்தில் பின்னுக்கு எடுக்க வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டார். குத்துமதிப்பாக எடுத்து மதிலில் இடித்தார், விளக்குக் கம்பத்தில் இடித்தார். கிளீனராக இருந்தபோதுகூட இப்படி ஒரு வெட்கக்கேட்டை அவர் கண்டதில்லை. மூன்றாம் கிழமை கடைக்கு வந்தார்.

"மகள், கண்ணாடி இல்லாம லொறி ஓட்டுறவனுக்கு டிரைவர் எண்டு பேரா? என்ன செலவாகும் செல்லு."

"அதுக்குக் கிராபிக்ஸ் கார்ட் போடோணும் மாமா."

"அது என்ன வேலை செய்ற?"

"ரோட்டைக் கீறுற."

"கீறுறதா?"

"ஓம். நீங்க பாக்கிற ரோடு சும்மா வாறதில்ல. ஒரு செக்கனுக்குள்ள முழு ரோட்டையும் அறுவது தரம் கீறி, அழிச்சு, திரும்பக் கீறோணும். அப்பதான் கண்ணுக்கு ஓடுற மாதிரித் தெரியும். உங்கட மெஷினுக்குப் பதினைஞ்சு தரம் கீறுறதே பெரும்பாடு. கண்ணாடி போட்டா அதுக்குள்ள தெரியிற ரோட்டையும் தனியாக் கீறோணும்."

ஹுனைஸ் நானா வாயைப் பிளந்தார். "அப்ப ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டா மூணு ரோடு?"

"மூணு ரோடு."

இத்தனை வருசமும் கண்ணாடியில் பார்த்தபோது அங்கே இன்னொரு ரோடு ஓடுகிறது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அதையும் ஒருவன் உட்கார்ந்து கீற வேண்டியிருக்கிறதே!

அஸ்கா இரண்டு கார்டுகளை மேசையில் வைத்தாள். ஒன்று பெரியது, முதுகில் இரண்டு காற்றாடி. மற்றது அதில் பாதி, ஒற்றைக் காற்றாடி. ஹுனைஸ் நானா பெரியதைக் கையில் தூக்கி ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதுதான் சாமான். நல்ல கனம்."

"மாமா, கனமா ஈக்கிற உப்பு நல்ல உப்பா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் பிடித்த உப்புத்தான் கனக்கும் என்பது புத்தளத்துக் குழந்தைக்கும் தெரியும். "நீ உப்புக்காரன்ட பேத்திதான்" என்று சொல்லி, பெரியதை மேசையில் வைத்தார்.

"விலையைச் செல்லு."

"பெருசு இருபத்தாறு. சின்னது இருபத்தெட்டு."

"சின்னதுக்கா கூட? என்ன கதை இது?"

"பெருசு இன்டர்நெட் காசு உண்டாக்கிற இடத்துல மூணு வருசம் இரவு பகலா ஓடினது."

"ஹயருக்கு ஓடின லொறி எண்டு செல்லு."

"ஓம். அதோட இதுக்குத் தனி வயரால கரண்ட் குடுக்கோணும். உங்கட மெஷின்ல அப்பிடி வயரே இல்ல. பவர் சப்ளையும் சின்னது, இதை இழுக்க ஏலாது. பெட்டிக்குள்ள வைக்கவும் நீளம் காணாது."

ஹுனைஸ் நானா பெரியதைச் சாண் போட்டு அளந்தார். வீட்டுப் பெட்டியின் உள்ளகலத்தை மனதில் அளந்தார். காணாதுதான். பழைய செஸியில் பெரிய என்ஜின் வைத்து, ஒரே கிழமையில் கியர் பெட்டியைச் சிதறவிட்ட ஆட்களை அவர் நேரில் கண்டிருக்கிறார். அவர்களைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறார்.

"சின்னதுக்கு வயர் வேணாமா?"

"குத்துற இடத்தாலயே கரண்டை எடுத்துக்கொள்ளும். உங்கட மெஷினுக்கெண்டே செஞ்ச மாதிரி."

அவள் சின்னதைத் தன் மேசை மெஷினில் குத்திக் காட்டினாள். மழை பெய்தது, மரம் அசைந்தது, இரண்டு கண்ணாடியிலும் ரோடு பின்னுக்கு ஓடியது. ஹுனைஸ் நானா பதினாலாயிரத்தை எடுத்து வைத்தார்.

"ஏத்தேக்க பாதி, இறக்கினாப் பிறகு பாதி. உப்புக்கு அதுதான் வழக்கம். என்ட வீட்டில ஓடட்டும், மத்தப் பாதி உன்ட கையில."

"சரி மாமா. நான் வந்து பூட்டித் தாறன்."

"பூட்டுறதுக்கு நீயா? முழு என்ஜினைக் கழட்டி இறக்கின கை இது!"

பூட்டினார். அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, அஸ்கா காட்டின அதே மாதிரிப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார். கார்டின் அடியில் வரிசையாகத் தங்கநிறப் பல். அதைப் பார்த்ததும் அவருக்கு ஜன்னலால் வருகிற களப்பின் உப்புக் காற்று நினைவுக்கு வந்தது. அந்தக் காற்றுக்குப் பூட்டும் தப்பாது, ஆணியும் தப்பாது. இருபத்தெட்டாயிரம் ரூபாச் சாமானை வெறும் பல்லோடு விடுவதா? அலுமாரிக்குக் கீழே இருந்த பழைய கிறீஸ் டப்பாவை எடுத்து, பல் வரிசைக்கு இரண்டு பக்கமும், பள்ளத்துக்குள்ளும் தாராளமாகப் பூசினார். அமர்த்திக் குத்தினார். திருப்தியாக இருந்தது. கொழும்பில் படித்தவர்களுக்கும் இப்படி ஒரு வேலை வராது என்று நினைத்துக்கொண்டார்.

திரையின் வயரைக் குத்தி, பொத்தானை அமர்த்தினார். கார்டின் காற்றாடி ஒருதரம் நடுங்கி நின்றது. திரை இருட்டு. கழற்றிப் பூட்டினார். இருட்டு. வயரைப் பழைய இடத்தில் குத்தினால் படம் வந்தது, புதுக் கார்டில் குத்தினால் இருட்டு. அப்படியென்றால் பழுது எங்கே? ஹுனைஸ் நானாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

நேரே டயர் கடைக்குப் போனார்.

"உப்புக்குத் தண்ணி அடிச்சு விக்கிறவனைக் கண்டீக்கிறன், பாயிஸ். இருட்டை விக்கிற ஆளை இப்பதான் கண்டன்!"

பாயிஸ் தொடையில் அடித்துச் சிரித்தான். "எவ்வளவு இருட்டு வாங்கின?"

"இருபத்தெட்டாயிரத்துக்கு. மீதிப் பாதியைக் குடுக்க எனக்கென்ன விசரா?"

சொன்னது நல்ல வாய்ப்பேச்சாக இருந்ததால் அது டயர் கடையில் நிற்கவில்லை. டயர் மாற்ற வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். தில்லையடியில் அஸ்காவின் கடைக்கு 'இருட்டுக் கடை' என்று பெயர் விழுந்துவிட்டது.

அஸ்கா அவருக்குப் போன் போட்டாள். "கார்டைக் கொண்டு வாங்க மாமா, பாப்பம்."

"இறக்கின சாமானைத் திருப்பி ஏத்திற பழக்கம் எனக்கில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு கிழமை போனது. சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்த கமறியா அப்பால் போகாமல் நின்றாள்.

"அந்தப் புள்ளையின்ட கடைக்கு ஆக்கள் போறல்லயாம். பக்கத்து வீட்டு ரபியா திருத்தக் குடுத்த லெப்டொப்பையும் திருப்பி எடுத்துட்டாளாம். இப்பிடிப் போனா மாசக் கடைசியில பூட்டிட்டுத் திரும்பக் கொழும்புக்குப் போறதுதானாம்."

"நான் உண்மையைத்தானே சொன்னன்."

"உண்மையா எண்டு ஆரு பாத்த? காசை வச்சீக்கிறது நீங்க. பேர் போறது அவளுக்கு."

ஹுனைஸ் நானா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்தது பிசைந்தபடியே இருந்தது. கறிக்கு அன்று அவர் குறை சொல்லவில்லை. கமறியா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அஸ்காவுக்குப் போன் போட்டாள்.

பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு அஸ்கா ஒரு சின்னப் பையோடு வந்தாள். சலாம் சொன்னாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். குனிந்தவள் தலையைப் பின்னுக்கு எடுத்தாள்.

"மாமா, இதுக்குள்ள லொறி மணக்குது."

"மணக்காம?" என்றார் ஹுனைஸ் நானா பெருமையாக. "உப்புக் காத்துக்கு நான்தான் பூசினன். ஆயுளுக்கும் துரு வராது." டப்பாவையும் எடுத்துக் காட்டினார்.

அஸ்கா கார்டை மெல்லக் கழற்றி, போன் வெளிச்சத்தில் பிடித்தாள். தங்கப் பல் ஒன்றும் தெரியவில்லை. பழுப்புக் களிமண்தான் தெரிந்தது.

"எவ்வளவு பூசினீங்க மாமா?"

"கஞ்சத்தனம் பண்ணல்ல."

கமறியா முந்தானையை வாயில் அமர்த்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அங்கிருந்து அவள் சிரித்த சத்தத்தில்தான் ஹுனைஸ் நானாவுக்கு ஏதோ விளங்கியது. ஆனாலும் அவர் விடவில்லை.

"ஏன், பெட்டரித் தலைக்கும் இதைத்தானே பூசுற? கரண்ட் வரல்லயா?"

"பெட்டரிக்குக் கிளாம்பை ஸ்பேனரால இறுக்குறீங்க மாமா. இறுக்கேக்க கிறீஸ் பக்கத்தால ஒதுங்கி, ஈயமும் ஈயமும் தொடும். இந்தப் பல்லை ஆரு இறுக்குற? மயிரளவு கம்பி ஒண்டு வந்து சும்மா ஒட்டிக்கொண்டு நிக்கிது. அதால கிறீஸைத் தள்ள ஏலாது."

அவர் டப்பாவை மூடினார். மூடியைச் சுற்றிச் சுற்றி, அதற்கு மேல் இறுக்க இடமில்லாத அளவுக்கு இறுக்கினார். அஸ்கா ஏசியிருந்தால் அவருக்குத் திருப்பி ஏசத் தெரியும். அவளோ பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தாள்.

கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பல் ஒவ்வொன்றாக மஞ்சளாக வெளியே வந்தது. சும்மா நிற்க முடியவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு வேலையா?"

"ஓம். இந்தப் பக்கம் கரண்ட் எடுக்கிற பல். மத்ததெல்லாம் கதைக்கிற பல்."

"ஆரோட கதைக்கிற?"

"பெட்டிக்குள்ள ஈக்கிற மத்த மெஷினோட. ரோட்டுல எங்க வளைவு, எங்க மேடு எண்டு அது செல்ல, இது கீறும்."

"அப்ப நான் அதுகள்ட வாயை அடைச்சீக்கிறன்" என்றார் ஹுனைஸ் நானா. "தா, நான் துடைக்கிறன். பூசினவன் கை நோகட்டும்."

பஞ்சும் ஸ்பிரிட்டும் அவர் கையில். கடைசியில் அழிறப்பரால் தேய்த்தார். பள்ளத்தைத் துப்புரவாக்கக் கமறியா புதுப் பல்தூரிகை ஒன்றைக் கொடுத்தாள். உப்புக் காற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் கழற்றித் துடைத்தால் போதும் என்றாள் அஸ்கா. குத்தினார். பொத்தானை அமர்த்தினார். காற்றாடி சுற்றியது. திரை வெளுத்தது. முன்பு நிறுத்தியிருந்த மழையையும் கண்ணாடிகளையும் அஸ்கா திரும்பப் போட்டுவிட்டாள்.

லொறி, மழையில் நின்றது. இரண்டு கண்ணாடியும் திறந்திருந்தன.

ஹுனைஸ் நானா மெல்லப் பின்னுக்கு எடுத்தார். வலப்பக்கக் கண்ணாடியில் சுவர் வந்தது. இடக்கண் காணாததால் கழுத்தை முழுக்கத் திருப்பி, இடப்பக்கக் கண்ணாடியை வலக்கண்ணால் பார்த்தார். அங்கே தன்னுடைய பின்சில்லு நனைந்த தாரில் உருளுவதும், அதன் மேலே சிவப்பு லைட் எரிவதும் தெரிந்தது. ஒடித்தார். நேராக்கினார். ஒரு உரசல் இல்லை. பாரம் இறக்கும் இடத்தில் வால் போய் அமர்ந்தது.

"யா அல்லாஹ், மூணு ரோடு!" என்றார்.

அஸ்கா சாமான்களைப் பையில் போட்டாள். ஹுனைஸ் நானா மடியிலிருந்து காசை எடுத்தார். கொடுக்கப் போனவர் கையைப் பின்னுக்கு எடுத்துவிட்டார்.

"இங்க வேணாம். நாளைக்குக் காலையில கடையைத் திறந்து வை, மகள்."

அஸ்காவின் முகம் சுருங்கியது. இன்னும் ஒரு நாளா என்று அந்த முகம் கேட்டது. அவள் சலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் டயர் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஹுனைஸ் நானா டயர்மேல் குந்தவில்லை.

"பாயிஸ், எழும்பு. நீங்களும் வாங்க எல்லாரும்."

"எங்க?"

"இருட்டு விக்கிற கடைக்கு."

சண்டை பார்க்கப் போகிறோம் என்ற உசாரில் எல்லாரும் வந்தார்கள். முன்னறைக் கடையில் அஸ்கா எழும்பி நின்றாள். சன நடமாட்டத்தைக் கண்டு பக்கத்துக் கடைக்காரனும் எட்டிப் பார்த்தான். அதுவும் நல்லது என்று நினைத்தார் ஹுனைஸ் நானா.

"கார்ட் பழுதில்ல" என்றார் உரத்து. "நான்தான் அதுக்குக் கிறீஸ் பூசின."

ஒரு நிமிடம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு பாயிஸுக்கு விளங்கியது. அவன் சிரிப்புத் தாங்காமல் வாசல்படியிலேயே குந்திவிட்டான்.

"கொம்பியூட்டருக்கா? டேய் ஹுனைஸ், தண்ணி ஊத்திக் கழுவினியா முதல்ல? மழை படாமப் படங்கு போட்டுக் கட்டினியா?"

"சிரி, நல்லாச் சிரி. இந்தப் புத்தளத்துல கார்டுக்குக் கிறீஸ் பூசின முதல் ஆள் நான்தான். வேற ஒருத்தன் இருந்தாக் கொண்டு வா! அதைக் கண்டுபிடிச்சு ஓட வச்சவள் இந்தப் புள்ளை. இனி இருட்டுக் கதை கதைக்கிறவன் என்னோட வந்து கதைக்கட்டும். உன்ட மகன்ட லெப்டொப் பழுதெண்டியே, அதை ஆருட்டக் குடுத்தீக்கிற?"

"குருணாகலுக்குக் குடுத்தனுப்பத்தான்…"

"இங்க கொண்டு வா."

பாயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொண்டு வாறன், கொண்டு வாறன். ஆனா உன்னைத் தொட விடமாட்டன்" என்றான்.

அஸ்காவும் இப்போது சிரித்தாள். "காசை மேசையில வைங்க மாமா" என்றாள்.

"மேசையில வைக்கிறது ரசீது. உப்புக்காரன் காசைக் கையிலதான் எண்ணுவான், தராசடியில, நாலு பேர் பாக்க. கையை நீட்டு, மகள்."

அஸ்கா உள்ளங்கையை விரித்து நீட்டினாள். ஹுனைஸ் நானா மடியை அவிழ்த்தார். ஆயிரம் ரூபாத் தாள்கள், ஒரு கிழமையாக மடித்துக் கிடந்து நடுவில் வளைந்திருந்தன. ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, விரல் படாமல் அவள் கையில் வைத்தார். "ஒண்டு… ரெண்டு… மூணு…" பாயிஸின் சிரிப்பு நின்றது. பக்கத்துக் கடைக்காரன் உதட்டுக்குள் கூடவே எண்ணினான். பதினாலாவது தாளை வைக்கும்போது ஹுனைஸ் நானா சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார், பள்ளிவாசல் முடக்கு வரைக்கும் கேட்கட்டும் என்று.